எந்த இடம்? எத்தனை நாள்? – தேர்வுக்கு முன் நரம்பியலும் மனநல மருத்துவமும்

62 வயதுக்காரர் ஒருவர். காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வலது பக்கமாக வழிந்தது. "வாய் கோணிப்போச்சு டாக்டர்" என்று மகன் அழைத்து வருகிறார். வலது வாயோரம் தொங்குகிறது. புருவத்தை உயர்த்தச் சொன்னால் நெற்றியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருங்குகிறது. பாதிப்பு எங்கே?

வாய் கோணல் என்றதுமே பெல்ஸ் பால்ஸி என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் ஏராளம். விடை இருப்பதோ நெற்றியில். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. வாயோரத் தசைகளுக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. மூளைக்குள் ஒரு பக்கம் பழுதானால் நெற்றி தப்பிக்கும், வாய் மட்டும் கோணும். பெல்ஸ் பால்ஸியில் முகநரம்பே பழுதாவதால் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. இவருக்குப் பாதிப்பு இடது மூளையில். உடனடியாக சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டிய ஸ்ட்ரோக் இது.

முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வில் 200 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 கழியும். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300 கேள்விகள், தேறுவதற்கு 150 வேண்டும், தவறுக்குக் கழிவு இல்லை. எந்தத் தேர்வானாலும் நரம்பியலிலும் மனநல மருத்துவத்திலும் மாணவர்கள் திணறுவதற்குக் காரணம் ஒன்றுதான்: நோய்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். கேள்வியோ பட்டியலைக் கேட்பதில்லை. நரம்பியல் கேள்வி முதலில் இடத்தைக் கேட்கிறது. மனநலக் கேள்வி முதலில் காலத்தைக் கேட்கிறது. இந்த இரண்டு அச்சையும் பிடித்துக்கொண்டு படித்தால் பாடம் பாதியாகச் சுருங்கும்.

மூன்று பாதைகள், மூன்று திருப்பங்கள்

தண்டுவடத்தில் பல பாதைகள் ஓடினாலும் தேர்வுக்கு மூன்று போதும். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் பக்கம் மாறுகிறது என்பதுதான் முக்கியம்.

1. கார்ட்டிகோஸ்பைனல் பாதை: அசைவுக் கட்டளை. மூளைப் புறணியில் தொடங்கி, இன்டர்னல் கேப்சூலின் பின்பகுதி வழியே இறங்கி, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான மெடுல்லாவின் அடிப்பகுதியில் பெரும்பாலான இழைகள் எதிர்ப்பக்கம் மாறுகின்றன.

2. டார்சல் காலம் (column, பின்பக்கத் தூண்): அதிர்வு, மூட்டு நிலை உணர்வு. தண்டுவடத்தில் அதே பக்கமாகவே மேலேறி, மெடுல்லாவுக்குப் போன பிறகுதான் மாறுகிறது.

3. ஸ்பைனோதலாமிக் பாதை: வலி, சூடு, குளிர். தண்டுவடத்துக்குள் நுழைந்த ஓரிரு கண்டங்களிலேயே மாறிவிடுகிறது.

இப்போது தண்டுவடத்தின் வலது பாதி மட்டும் கத்திக்குத்தில் அறுபட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அசைவுப் பாதை மேலேயே மாறி வந்துவிட்டது, ஆகவே வலது கால் அசையாது. டார்சல் காலம் இன்னும் மாறவில்லை, ஆகவே அதிர்வுணர்வு போவதும் வலது காலில்தான். வலிப் பாதையோ கீழேயே மாறி வந்தது, ஆகவே வலி தெரியாமல் போவது இடது காலில். மொரீஷியஸில் பிறந்த பிரௌன்-செக்கார் 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த நோய்க்குறித் தொகுப்பு இது. மூன்று திருப்பங்கள் தெரிந்தவருக்கு இதைத் தனியாக மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை. காகிதத்தில் ஒரு முறை வரைந்து பார்த்தால் போதும்.

மேலா, கீழா?

பாதை தெரிந்த பிறகு, பழுது மேல்நிலை நியூரானிலா (மூளையிலிருந்து இறங்கும் நரம்பு செல்) கீழ்நிலை நியூரானிலா (அங்கிருந்து தசைக்குப் போகும் நரம்பு செல்) என்று பார்க்க வேண்டும். மேலே பழுதானால் தசை விறைக்கும், அனிச்சைகள் மிகும், உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேல்நோக்கிப் போகும். பாபின்ஸ்கி 1896-இல் சொன்ன குறி அது. கீழே பழுதானால் தசை தளரும், மெலியும், தோலுக்கடியில் துடிக்கும், அனிச்சை அடங்கும்.

கேள்வி தயாரிப்பவர்களுக்குப் பிடித்த பொறி ஒன்று இதில் இருக்கிறது. தண்டுவடம் திடீரென அடிபட்டால் முதல் சில நாட்கள், சில வாரங்கள்கூட, மேல்நிலைப் பழுதாக இருந்தும் கால் தொளதொளவென்று கிடக்கும், அனிச்சையும் இருக்காது. இதற்கு ஸ்பைனல் ஷாக் என்று பெயர். "தளர்ச்சி, அனிச்சை இல்லை" என்றதும் கில்லன்-பாரே (வெளி நரம்புகளைத் தாக்கும் அழற்சி நோய்) என்று குறிக்கப் பாய்பவர், விபத்து நடந்து எத்தனை மணி நேரம் ஆனது, உணர்வு ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் வெட்டியதுபோல் நிற்கிறதா, சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று ஒரு கணம் பார்க்க வேண்டும்.

மூளைத்தண்டு: நான்கின் விதி

மாணவர்கள் அதிகம் பயப்படுவது மூளைத்தண்டைக் கண்டுதான். வீபர், வாலன்பர்க், மில்லார்ட்-குப்ளர் என்று நோய்க்குறித் தொகுப்புகளின் பெயர்கள் நீளும். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் பீட்டர் கேட்ஸ் 2005-இல் வெளியிட்ட "நான்கின் விதி" இந்தப் பயத்தைப் போக்கும். என் கணிப்பில், மீள்பார்வைக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதை இந்த விதிக்குக் கொடுக்கலாம்.

1. கபால நரம்புகள் நான்கு நான்காகப் பிரிகின்றன. 9 முதல் 12 வரை மெடுல்லா, 5 முதல் 8 வரை அதற்கு மேலுள்ள பான்ஸ், 1 முதல் 4 வரை அதற்கு மேலே. அதிலும் 3, 4 இரண்டுதான் மூளைத்தண்டின் உச்சியான மிட்பிரெயினில்.

2. நடுக்கோட்டை ஒட்டி நான்கு: அசைவுப் பாதை, டார்சல் காலத்தின் தொடர்ச்சியான மீடியல் லெம்னிஸ்கஸ், கண்ணசைவுகளை இணைக்கும் இழைக்கற்றை, அசைவு நரம்புக் கருக்கள்.

3. ஓரத்தில் நான்கு: சிறுமூளைக்குப் போகும் ஸ்பைனோசெரிபெல்லார் பாதை, ஸ்பைனோதலாமிக் பாதை, ஐந்தாம் நரம்பின் உணர்வுக் கரு, இமையையும் கண்மணியையும் இயக்கும் சிம்பதெட்டிக் பாதை.

4. நடுவில் இருக்கும் நரம்புக் கருக்கள் எவை? 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள்: 3, 4, 6, 12. ஒன்றையும் இரண்டையும் விட்டுவிடுங்கள். வகுக்காத 5, 7, 9, 10, 11 ஓரத்தில் இருக்கின்றன. எட்டும் ஓரம்தான்.

பயன்படுத்திப் பார்ப்போம். நோயாளிக்கு வலது இமை இறங்கி, வலது கண் வெளிப்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒதுங்கியிருக்கிறது. இடது கையும் காலும் அசையவில்லை. கண் குறி மூன்றாம் நரம்பைக் காட்டுகிறது, ஆகவே மிட்பிரெயின். கை கால் வாதம் அசைவுப் பாதையைக் காட்டுகிறது, ஆகவே நடுப்பகுதி. நரம்பு எந்தப் பக்கம் பழுதோ அதுவே புண் இருக்கும் பக்கம், ஆகவே வலது. இதுதான் வீபர்.

இன்னொருவருக்கு இடது முகத்தில் வலி தெரியவில்லை, உடலில் வலது பக்கம் வலி தெரியவில்லை, இடது இமை சற்று இறங்கிக் கண்மணி சுருங்கியிருக்கிறது, இடது கை குறி தவறுகிறது, விழுங்கினால் புரையேறுகிறது, குரல் கம்மிவிட்டது. கை கால் பலமோ குறையவே இல்லை. ஓரத்தில் இருக்கும் நான்கும் போயிருக்கின்றன, 9-ம் 10-ம் சேர்ந்திருக்கின்றன. இடது மெடுல்லாவின் ஓரம், அதாவது வாலன்பர்க். முகம் ஒரு பக்கமும் உடல் மறுபக்கமும் பாதித்தாலே மூளைத்தண்டு என்று மனத்தில் மணி அடிக்க வேண்டும்.

புறணிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். காலைவிட முகமும் கையும் அதிகம் பாதித்தால் நடு மூளைத் தமனி, கால் அதிகம் என்றால் முன் தமனி, பாதிப் பார்வை மட்டும் போனால் பின் தமனி. சொன்னது புரிந்தும் சொல் வராமல் தவிப்பவருக்கு ப்ரோக்கா பகுதி. சரளமாகப் பேசியும் பேச்சில் பொருளே இல்லாதவருக்கு, நாம் சொல்வதும் புரியாதவருக்கு, வெர்னிக்கே பகுதி.

இடம் தெரிந்ததும் வேகம்

"எங்கே" என்பதற்கு விடை கிடைத்த பிறகுதான் "என்ன" என்ற கேள்வி. அதற்கு நோய் வந்த வேகம் விடை சொல்லும். நொடிகளில் வந்தால் ரத்தக்குழாய் அல்லது வலிப்பு. மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஏறினால் தொற்று அல்லது அழற்சி. வாரம், மாதம் என்றால் கட்டி, காசநோய். ஆண்டுக்கணக்கு என்றால் செல்சிதைவு.

சில எண்களை மட்டும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்:

1. ஸ்ட்ரோக்கில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ்: அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள். கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், உச்சம் 90. பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி மீதியை ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். தூங்கி எழும்போது வாதம் என்றால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதிலிருந்துதான் கணக்கு தொடங்கும். மருந்துக்கு முன் கட்டாயம் இரண்டு: சாயம் இல்லாத சி.டி., விரல் நுனி சர்க்கரை. சர்க்கரை இறங்கினாலும் ஒருபக்க வாதம் வரும்.

2. தொடர் வலிப்பு: 5 நிமிடம் தாண்டினாலே ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸாக எடுத்துச் சிகிச்சை தொடங்க வேண்டும். முதல் மருந்து லோராசெபாம், கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், ஒரு தவணைக்கு உச்சம் 4.

3. பெல்ஸ் பால்ஸி: ஸ்டீராய்டை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கண்ணை மூட முடியாதவருக்குக் கருவிழியைக் காப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

4. கில்லன்-பாரே: முதுகு நீரில் செல் கூடாமல் புரதம் மட்டும் கூடும். ஆனால் முதல் வாரத்தில் புரதம் இயல்பாகவே இருக்கலாம், அதனால் நோய் இல்லை என்று ஆகாது. இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்றம் பயன்தரும். ஸ்டீராய்டு பயன்தராது.

மனநலம்: முதலில் சொற்கள்

மனநல மருத்துவத்துக்கு எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் ஒதுக்கியிருப்பது 5 மதிப்பெண்தான் என்று பலர் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். குறைந்த நேரத்தில் முழு மதிப்பெண்ணும் எடுக்கக்கூடிய பாடம் இது. வார்டில் தினமும் தேவைப்படும் பாடமும்கூட.

அரையிருட்டில் கயிறு பாம்பாகத் தெரிந்தால் அது இல்யூஷன். கயிறு என்ற பொருள் அங்கே இருக்கிறது, புலன்தான் திரித்துக் காட்டுகிறது. கயிறே இல்லாத வெறும் தரையில் பாம்பு தெரிந்தால் ஹாலுசினேஷன். பாம்பை என் மீது ஏவிவிட்டது அண்டை வீட்டார்தான் என்று எந்தச் சான்று காட்டினாலும் அசையாமல் நம்பினால் டெல்யூஷன். பாம்பு வருமோ என்ற எண்ணம் அர்த்தமற்றது என்று தனக்கே தெரிந்தும், விரட்ட விரட்டத் திரும்பி வந்தால் அப்செஷன்.

டெல்யூஷனின் வரையறையில் பலர் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு: அந்த நம்பிக்கை நோயாளியின் சமூகமும் பண்பாடும் பகிர்ந்துகொள்வதாக இருக்கக் கூடாது. "எங்கள் குடும்பத்துக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று தாயும் மகனும் மாமாவும் ஒரே குரலில் சொன்னால், அதை மட்டும் வைத்து மகனுக்கு மனநோய் என்று எழுதிவிட முடியாது. "செய்வினை என் தலைக்குள் ஒரு கருவியை வைத்து என் எண்ணங்களை எல்லோருக்கும் ஒலிபரப்புகிறது" என்று அவன் மட்டும் சொல்லி, குடும்பமே திகைத்து நின்றால் நிலைமை வேறு.

நாள்கணக்கு

அறிகுறிகள் ஒன்றாகவே இருக்கும், காலம் மாறினால் நோயின் பெயர் மாறும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் விதிநூலான டி.எஸ்.எம்.-5 கணக்குப்படி:

1. சைக்கோசிஸ் (டெல்யூஷன், ஹாலுசினேஷன் போன்றவற்றால் நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) ஒரு மாதத்துக்குள் அடங்கினால் குறுகிய காலச் சைக்கோசிஸ், 1 முதல் 6 மாதம் ஸ்கிசோஃப்ரெனிஃபார்ம், 6 மாதமும் அதற்கு மேலும் ஸ்கிசோஃப்ரெனியா.

2. மனச்சோர்வு: 2 வாரம், 9 அறிகுறிகளில் 5. அந்த ஐந்தில் சோர்ந்த மனநிலையோ எதிலும் நாட்டமின்மையோ ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். லேசான சோர்வு 2 ஆண்டு நீடித்தால் டிஸ்தைமியா.

3. மேனியா (அளவுமீறிய உற்சாகம் அல்லது எரிச்சல்): 1 வாரம். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனால் நாள்கணக்கு தேவையில்லை. அதன் லேசான வடிவமான ஹைப்போமேனியா: 4 நாள்.

4. பேரதிர்ச்சிக்குப் பின்: 3 நாள் முதல் 1 மாதம் வரை கடும் அழுத்த நோய், 1 மாதம் தாண்டினால் பி.டி.எஸ்.டி.

5. பொதுப் பதற்ற நோய்: 6 மாதம்.

நன்றாகப் படித்தவர்கள்கூடத் தடுக்கி விழும் இடம், இரண்டு விதிநூல்களும் ஒன்றுபோல் இல்லை என்பது. ஸ்கிசோஃப்ரெனியாவுக்கு டி.எஸ்.எம். 6 மாதம் கேட்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 ஒரு மாதமே கேட்கிறது. நீடித்த துயர நோய்க்கு ஐ.சி.டி.-11 கேட்பது 6 மாதம், டி.எஸ்.எம். திருத்தப் பதிப்பு பெரியவர்களுக்குக் கேட்பது 12 மாதம். கேள்வியில் விதிநூலின் பெயர் இருந்தால் அதற்குக் கீழே கோடு போட்டுவிட்டுத்தான் விடைகளைப் படிக்க வேண்டும்.

மருந்தின் பக்கவிளைவுகளும் காலத்தை ஒட்டியே வரிசையாக வருகின்றன. சைக்கோசிஸுக்குத் தரும் ஹாலோபெரிடால் ஊசி போட்ட மறுநாள் இளைஞன் ஒருவனின் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்கிறது, கண் மேலே செருகிக்கொள்கிறது. வலிப்பு என்று வீட்டார் அலறுகிறார்கள். அவன் முழு நினைவோடு இருக்கிறான், பயந்துபோய்க் கையைப் பிடிக்கிறான். இது அக்யூட் டிஸ்டோனியா, ப்ரோமெத்தசின் போன்ற ஆன்டிகோலினெர்ஜிக் ஊசியில் விரைவிலேயே சரியாகும். நாட்கள், வாரங்களில் ஓரிடத்தில் உட்கார முடியாத அகதீசியா வரும், அதற்கு ப்ரோப்ரனலால். வாரங்கள், மாதங்களில் பார்கின்சன் போன்ற விறைப்பு. மாதங்கள், ஆண்டுகள் கழித்து உதடும் நாக்கும் தானாக அசையும் டார்டிவ் டிஸ்கைனீசியா.

காய்ச்சலும் விறைப்பும் குழப்பமும் சேர்ந்து வந்தாலும் காலம்தான் வழிகாட்டும். செரடோனின் சிண்ட்ரோம், செரடோனினை ஏற்றும் மருந்தைக் கூட்டிய 24 மணி நேரத்துக்குள் வரும். கணுக்காலைத் தட்டினால் துள்ளும், கண்மணி விரியும், வயிற்றுப்போக்கு இருக்கும். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் வரும் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் சில நாட்களில் மெல்ல ஏறும். உடல் ஈயக் குழாய்போல் விறைக்கும், அனிச்சை கூடாது, தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. அளவு எகிறும்.

மேனியாவுக்குத் தரும் லித்தியத்துக்கு ரத்தத்தில் ஓர் எண் வரம்பு: லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவேலன்ட். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. முட்டிவலிக்கு வாங்கிப் போட்ட வலிமாத்திரையும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் தயசைடும் அளவை ஏற்றிவிடும்.

சட்டத்திலிருந்தும் கேள்வி வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை அடைத்துவைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 95-ஆம் பிரிவில் சங்கிலி போடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் மின்னதிர்வுச் சிகிச்சை தருவதற்கும் அதே பிரிவில் தடை. 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது.

இரண்டு பாடமும் சந்திக்கும் இடம்

மனநோய் என்று எழுதும் முன் மூளையும் உடலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உடல்நோயால் திடீரென மூளை குழம்பும் டெலீரியம் அங்கேதான் பிடிபடும். அதன் அடையாளம் கவனம் சிதறுவதும், பகலுக்கும் இரவுக்கும் நிலைமை மாறிமாறி வருவதும். மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள்: பங்குனி, மாசி, தை, மார்கழி... டெலீரியத்தில் மூன்றாவது மாதத்திலேயே வழி தவறிவிடும். ஸ்கிசோஃப்ரெனியாக்காரர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். குரல் கேட்பதைவிட உருவம் தெரிவது உடல்நோயை அதிகம் சந்தேகிக்க வைக்கும் குறி.

முன்பு எந்த மனநோயும் இல்லாத இளம்பெண்ணுக்குச் சில நாட்களில் சந்தேகமும் பிதற்றலும் தொடங்கி, பிறகு வலிப்பும் வாய் தானாக அசைவதும் சேர்ந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளையழற்சியை நினைக்க வேண்டும். ஜோசப் டால்மாவின் குழு 2007-இல் விவரித்த நோய் அது. வயிற்றில் ஸ்கேன் எடுத்துச் சினைப்பையில் டெரட்டோமா கட்டி இருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

ஒரு கேள்வி, இரண்டு அச்சு

45 வயது ஆண். பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்து சேர்க்கப்பட்டவர். மூன்றாம் நாள் இரவு சலைன் குழாயைப் பிடுங்கி எறிகிறார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டுகிறார். வேர்வை, கைநடுக்கம், நாடித்துடிப்பு 124, காய்ச்சல். எந்த ஊர் என்று கேட்டால் தவறாகச் சொல்கிறார். பதினைந்து ஆண்டாகத் தினமும் குடிப்பவர் என்று மனைவி தயங்கிச் சொல்கிறார். முதலில் எந்த மருந்து?

1. இடம்: ஒருபக்க வாதம் இல்லை, பேச்சு இழப்பு இல்லை, கவனம் முழுவதும் சிதறியிருக்கிறது. ஓரிடத்துப் புண் அல்ல, மூளை மொத்தமும் பாதித்திருக்கிறது. தலையிலும் அடிபட்டிருக்கலாம் என்பதால் சி.டி.யை விட்டுவிடக் கூடாது.

2. காலம்: குடி நின்று 6 முதல் 24 மணிக்குள் நடுக்கம், 48 மணிக்குள் வலிப்பு, தெளிந்த நினைவோடு வரும் ஹாலுசினேஷன். 48 முதல் 96 மணிக்குள் டெலீரியம் ட்ரெமென்ஸ். இவர் மூன்றாம் நாளில் இருக்கிறார், நினைவும் கலங்கியிருக்கிறது.

3. மருந்து: மூளையைச் சாந்தப்படுத்தும் பென்சோடயாசெபின் வகை. கல்லீரல் கெட்டிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் லோராசெபாம். ஹாலோபெரிடால் விடைப்பட்டியலில் கவர்ச்சியாக நிற்கும். வலிப்பை எளிதில் வரவைக்கும் அந்த மருந்தை மட்டும் கொடுத்து இவரைக் காப்பாற்ற முடியாது.

4. கூடவே தயமின் (வைட்டமின் பி1). குழப்பம், தள்ளாட்டம், கண்ணசைவுக் கோளாறு மூன்றும் சேர்ந்தால்தான் தயமின் குறைவால் மூளைக்கு வரும் வெர்னிக்கே நோய் என்று காத்திருந்தால் பெரும்பாலானவர்களைத் தவறவிடுவோம். மூன்றும் ஒன்றாகத் தெரிவது குறைவு. சர்க்கரை ஏற்றும் முன்போ அதனோடு சேர்த்தோ தயமின் போக வேண்டும். விரல் நுனிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தால், தயமின் வரும்வரை டெக்ஸ்ட்ரோஸை நிறுத்திவைக்கக் கூடாது.